‘பத்துப் பாகம்’ படத்துக்கு எமில்டா சொன்ன விமர்சனம்

ஆன்றோவின் இரண்டாவது படத்துக்குச் சுவரொட்டி ஒட்டிய அன்று எமில்டாவுக்கு ஒரு வருடமாக இல்லாத பசி எடுத்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை, வயிற்றுப் பசியேதான். துறைமுகச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்ற இடத்தில் ஸ்கூட்டரை ஓரங்கட்டிவிட்டு, அந்தச் சுவரொட்டியை மேலிருந்து கீழ்வரை படித்தாள். படத்தின் பெயர் ‘பத்துப் பாகம்’. கடலில் சங்கு குளிப்பவர்கள் ஆழத்தைப் பாகக் கணக்கில்தான் சொல்வார்கள். எழுத்து, இயக்கம் ஆன்றோ. இசை என்ற இடத்தில் சென்னைக்காரர் ஒருவரின் பெயர் பெரிதாக இருந்தது. அவள் தேடிய பெயர் எங்கேயும் இல்லை. இருக்காது என்று தெரிந்துதான் தேடினாள். கறுவிக்கொண்டு திரிகிறவளுக்கு எதிராளி மறுபடியும் தப்புச் செய்தால் ஒரு சந்தோஷம் வருமே, அந்தச் சந்தோஷம் வந்தது. நேராகக் கடைக்குப் போய் இரண்டு புரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டாள்.

எமில்டா பகலில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் கப்பல் சரக்குக்குக் காகிதம் தயாரிப்பவள். மிச்ச நேரத்தில் சினிமா விமர்சகி. யூடியூப் சேனல் ஒன்று வைத்திருந்தாள். முகத்தில் பவுடர் இருக்காது, பின்னால் கலர் லைட் எரியாது. ஆபீஸ் மேஜையில் தண்ணீர் பாட்டிலுக்குப் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, ஊர்ப் பேச்சிலேயே பேசுவாள். எந்தப் படத்தையும் இரண்டு தடவை பார்க்காமல் வாய் திறந்ததில்லை. முதல் தடவை கண்ணுக்கு, இரண்டாம் தடவை காதுக்கு. இரண்டாம் தடவை பாதிப் படம் கண்ணை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பாள். பக்கத்துச் சீட்டுக்காரர்கள் தூங்குகிறாள் என்று நினைப்பார்கள். யாருக்கும் விலைபோகாதவள் என்று அவளுக்குப் பேர். அந்தப் பேர் லேசில் கிடைத்ததில்லை.

அவள் வாயில் விழுந்தவர்கள் எழுந்திருப்பது கஷ்டம். இப்போதைய இசையமைப்பாளர்களுக்கு மௌனத்தைக் கண்டால் பேயைக் கண்ட பயம் என்பாள். கதாநாயகன் நடந்தால் கொட்டு, நின்றால் கொட்டு, திரும்பினால் கொட்டு; கடைசியில் அவனைப் பெற்றவள் சாகும்போதும் அதே கொட்டு. பாட்டு என்பது படம் வருமுன்பே செல்போனில் அரை நிமிடத் துண்டாக ஆடித் தீர்ந்துவிடுகிறது, தியேட்டருக்கு வருவது வெறும் சக்கை என்பாள். கடற்கரை ஆளைக் காட்டினால் கழுத்தில் சிலுவை, கையில் அரிவாள், வள்ளத்தில் கடத்தல் சரக்கு. ‘எங்க ஊர்ல ஒருத்தன்கூட மீனப் பிடிச்சுட்டு சும்மா வீட்டுக்கு வரமாட்டானா?’ என்று ஒருமுறை கேட்டாள். குலசேகரன்பட்டினம் வரை அந்த வீடியோவைப் பார்க்காத கடற்கரை வீடு கிடையாது. அதே எமில்டாதான், ஒரு காட்சி முழுக்கத் தகரக் கூரையில் காற்றடிக்கும் சத்தத்தை மட்டும் கேட்கவிட்ட ஒரு புது இயக்குநருக்காக ஊரெல்லாம் ஆள் பிடித்துத் தியேட்டருக்கு அனுப்பினாள். பிடித்தால் தலைமேல் தூக்குவாள், பிடிக்காவிட்டால் தரையில் அடிப்பாள், நடுவில் நிற்கத் தெரியாது.

அந்தச் சேனல் ஒரு வருடமாக ஊமையாகக் கிடந்தது. எமில்டாவின் தம்பி ஃபிராங்க்ளின் இறந்துபோயிருந்தான். அந்தக் கடலோரக் கத்தோலிக்க வீடுகளில் ஒரு துட்டி, அதாவது சாவு, விழுந்தால் வருசப் பூசை முடியும்வரை டிவி கிடையாது, பாட்டு கிடையாது, சினிமா கிடையவே கிடையாது. இப்போது பல வீடுகளில் நாற்பதாம் நாளோடு முடித்துக்கொள்கிறார்கள். எமில்டாவின் அம்மா பேபியம்மா அந்த ரகம் இல்லை. டிவியைப் போர்வை போட்டு மூடினாள், மகள் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாள்.

“வருசம் கழியிற வரைக்கும் சினிமாக் கொட்டாய்ப் பக்கம் போவப்பிடாதுளா. ஊரு பாக்கும். ஊர விடு, அவன் பாப்பான்.”

எமில்டாவும் சரி என்றாள். அப்போது அவளுக்கே சினிமா என்ற வார்த்தை கசந்தது.

கசந்ததற்குக் காரணம் ஆன்றோ. அதே தெருக்காரன், ஐஸ் கம்பெனிக்காரர் மகன், ஃபிராங்க்ளினோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். ஃபிராங்க்ளின் மாதா கோயிலில் கீபோர்டு வாசித்தான். கல்யாணம், திருவிழா, பள்ளிக்கூட ஆண்டுவிழா எதுவானாலும் அவன்தான். மெட்டு அவனுக்கு வியர்வை மாதிரி தானாக வரும். ஆன்றோ சினிமாவுக்கென்று சென்னை போனபிறகு, தோன்றுகிற மெட்டையெல்லாம் ஃபிராங்க்ளின் போனிலேயே பாடிப்பாடி அவனுக்கு அனுப்பினான். ஆன்றோவின் முதல் படம் வந்தது. அதில் ஒரு பாட்டு தமிழ்நாட்டையே ஒரு ஆட்டு ஆட்டியது. அது யார் மெட்டு என்று தெருவில் எல்லாருக்கும் தெரியும். மாதா சப்பரம் சுற்றிவந்தபோது ஃபிராங்க்ளின் அதை முன்பே வாசித்திருக்கிறான். படத்தில் வந்தது வேறு ஒருவர் பெயர்.

எமில்டா குதித்தாள். “நான் பேசுதேம்ல. ஊரே நாறட்டும்.”

ஃபிராங்க்ளின் விடவில்லை. “விடுக்கா. புரொடியூசர் ஒத்துக்கிடலையாம். அடுத்த படத்துல எம் பேரு போடுதேன்னு சொல்லிருக்கான்.”

அடுத்த படம், அடுத்த படம் என்று காத்திருந்தான். கல்யாண வீடுகளில் அந்தப் பாட்டைத்தான் கேட்டார்கள். அவனே வாசித்தான். வாசித்து முடித்ததும் முன்வரிசையில் யாராவது வந்து தோளைத் தட்டி, “சினிமால வந்தத அச்சு அசலா அப்படியே அடிக்கீரே தம்பி” என்று பாராட்டினார்கள். சொந்தப் பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பவனிடம், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பது போல இருக்கும் எமில்டாவுக்கு. அந்தப் பாராட்டுதான் தம்பியைக் குடிக்கவைத்தது என்று அவள் தீர்மானித்துவிட்டாள். குடி ஈரலைத் தின்றது. மஞ்சள் காமாலை என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், பெட்டியில்தான் வீட்டுக்கு வந்தான்.

ஆன்றோ அடக்கத்துக்கு வரவில்லை. நல்லதுக்கு வராதவனை ஊர் மன்னிக்கும், துட்டிக்கு வராதவனை மன்னிக்காது. ஒரு வாரம் கழித்து வந்தான். அந்தமானில் கடலுக்குள் படப்பிடிப்பாம், சேதி பிந்திக் கிடைத்ததாம். எமில்டா வாசற்படியில் நின்று மறித்தாள்.

“மெட்டு வாங்க வாரதுக்கு வழி தெரிஞ்சுது, பொணத்துக்கு வர வழி தெரியலையோ? போல அங்கிட்டு.”

அவன் திரும்பிப் போனான். என் தம்பி பேரை அழித்தவன் பேரை நான் அழிப்பேன் என்று எமில்டா அன்றைக்கு முடிவு செய்தாள். அதற்குப் பிறகு அவள் சாப்பிட்டதும் தூங்கியதும் அந்த ஒரு நினைப்பில்தான்.

படம் வருமுன் பாட்டுகள் வந்தன. வீட்டில் கேட்கமுடியாது. ஆபீஸில், சாப்பாட்டு வேளையில், ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு முதல் பாட்டைத் தட்டினாள். பல்லவி முடிவதற்குள் கையில் எடுத்த சோறு கையிலேயே நின்றுவிட்டது. அது ஃபிராங்க்ளினின் மெட்டு. மொட்டைமாடியில் கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவன் முனகிக்கொண்டே இருந்தது. ஏறப்போகிறது என்று காது எதிர்பார்க்கும் இடத்தில் ஏறாமல் ஒரு படி இறங்கும். அது அவன் குணம், எதையும் கேட்டு வாங்காத குணம், பாட்டிலும் அப்படியே வரும். அடுத்த பாட்டும் அவனுடையது. அதற்கடுத்ததும். போனில் இசை யார் என்று பார்த்தாள். சுவரொட்டியில் இருந்த அதே சென்னைக்காரர்.

பாவி, செத்தவன் வீட்டிலும் திருடுகிறானே! சோற்றைக் குப்பையில் கொட்டிவிட்டு, கழிவறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

வெள்ளிக்கிழமை படம் வெளியானது. எமில்டாவின் எதிர்மேஜையில் வேலை பார்த்த செந்தில்முருகன், முதல் காட்சி பார்க்காவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் என்கிற ஆள். ஆனால் ஒருநாளும் எந்தப் படத்தையும் ஆரம்பத்திலிருந்து பார்த்ததில்லை. வாசலில் நாலு பேரிடம் கதையடித்துவிட்டு, பப்ஸ் வாங்கிக்கொண்டு, இருட்டில் எல்லார் காலையும் மிதித்துக்கொண்டுதான் உள்ளே போவான். அவனைத்தான் எமில்டா டீக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“எப்படில இருக்கு?”

“நல்லாத்தாங்க்கா எடுத்துருக்கான். கடலுக்கடியில காட்டுதாம் பாருங்க, நமக்கே மூச்சு முட்டுது. ரெண்டாம் பாதி கொஞ்சம் இழுவ. ஹீரோவுக்குத் தம்பி ஒருத்தன், சங்கு எடுக்க முங்குனவன் செத்துருதான். அதுக்குப் பொறவு அந்த வீட்டுல ரொம்ப நேரம் யாருமே பேசமாட்டுக்காங்க. ஆனா பாட்டு இருக்கே, கொன்னுட்டாங்க்கா.”

“பாட்டுக்கு யாரு பேரு போட்டுருக்கான்?”

“பேரா? நான் உள்ள போவும்போதே ஹீரோ கடல்ல முங்கிட்டான். போஸ்டர்ல இருக்காருல்லா, அவருதான் போட்டிருப்பாரு.”

அது போதும் அவளுக்கு. கன்டெய்னரைப் பிரித்துச் சோதனை போடுவது மாதிரி ஒவ்வொரு காட்சியாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். பார்க்காத படத்தைப் பற்றிப் பேசுவதா என்று உள்ளே ஒரு குரல் எழத்தான் செய்தது. வருசப் பூசைக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் கிடந்தது. அதுவரை காத்திருந்தால் யார் காத்திருப்பார்கள்? இந்தக் காலத்துப் படத்துக்கு ஆயுள் வெள்ளி, சனி, ஞாயிறு. திங்கட்கிழமை பிழைத்தால் பிழைத்தது. தியேட்டரில் விழுந்த படத்தை ஓடிடிக்காரர்களும் கையால் தொடுவதில்லை. எங்கே, எப்போது அடித்தால் ஒரு படம் எழுந்திருக்காது என்று எமில்டாவைவிடத் தெரிந்தவர்கள் குறைவு. அம்மா சத்தியம் வாங்கியது காலுக்குத்தானே, வாய்க்கு இல்லையே என்று தனக்குத்தானே வக்கீல் வேலை பார்த்துக்கொண்டாள். போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்தாள்.

“வணக்கம், எமில்டா பேசுதேன். ஒரு வருசமா வீட்டுல துட்டி, பேசல. இப்ப பேசாம இருந்தா அதுதான் பாவம், அதான் வந்துருக்கேன். ‘பத்துப் பாகம்’ பாத்தேன். கேமரா கடலுக்குள்ள போவுது, டைரக்டர் கரையிலதான் நிக்காரு. சங்கு குளிக்கிறவன் மூச்சப் பிடிச்சுட்டு அடியில போறது வயித்துப்பாட்டுக்கு. இவரு அதுல அழகு பாக்காரு. தம்பி செத்த வீடு ஊமையாக் கெடக்கு, சரி. மௌனம் வேணும்னு கத்துறவதான் நான். ஆனா அந்த மௌனத்துக்குள்ள ஒரு மனுசன் இருக்கணும்லா? இது கடன் வாங்குன மௌனம். பாட்டு நல்லா இருக்கு. நல்லாத்தான் இருக்கும், ஏன்னா அது இவங்க பாட்டு இல்ல. எங்க ஊர்ல கோயில்ல கீபோர்டு வாசிச்ச ஒருத்தன் பாட்டு. உசுரோட இருக்கும்போது அவங்கிட்ட ஒரு தடவ திருடுனாங்க. இப்பக் கல்லறையத் தோண்டித் திருடிருக்காங்க. டைட்டில் ஆரம்பத்துலருந்து கடைசி வரைக்கும் தேடிப் பாத்தேன். ஒரு மூலையிலகூட அவன் பேரு இல்ல.”

கடைசி வரியைச் சொல்லும்போது அவள் குரல் நிஜமாகவே உடைந்தது. பொய்யை அழுதுகொண்டே சொன்னால் யார் நம்பாமல் இருப்பார்கள்? ஒரு வருடம் வாய் மூடிக் கிடந்தவள் வாய் திறந்தாள் என்பதற்காகவே ஊர் ஊராகப் பகிர்ந்தார்கள். சனிக்கிழமை சாயங்காலமே ஆன்றோவின் போட்டோவில் திருடன் என்று எழுதிப் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மதுரையிலும் நாகர்கோவிலிலும் காட்சி ரத்து என்று செந்தில்முருகன் படித்துச் சொன்னான். ‘அக்கா, நீங்க டைட்டில் கார்டு பாத்தீங்களா?’ என்று வீடியோவுக்குக் கீழே இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தார்கள். ஆன்றோ ஏவிவிட்ட ஆட்கள் என்று அவர்களைச் சேனலிலிருந்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். ஆன்றோவே நாலைந்து முறை கூப்பிட்டான், எடுக்கவில்லை. பிறகு ஒரு செய்தி அனுப்பினான். ‘அக்கா, படம் பாத்தீங்களா?’ அவ்வளவுதான் இருந்தது அதில்.

கெஞ்சுகிறான் மூதி, கெஞ்சட்டும் என்று எமில்டா அதை மூன்று நான்கு தடவை எடுத்துப் பார்த்து ரசித்தாள். பழி தீர்த்தவளின் சோறு அமிர்தம்தான். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பை மறுசோறு போட்டு அவள் சாப்பிட்டதைப் பேபியம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“இப்பத்தான்ளா ஒரு வாய் ஒழுங்காத் திங்க” என்றாள். பேபியம்மாவிடம் போனும் கிடையாது, துக்க வீட்டில் வம்பு பேச வருவாரும் கிடையாது. மகள் என்ன செய்தாள் என்று அவளுக்குத் தெரியாது. படம் வாரக் கடைசியைத் தாண்டவில்லை. ஆன்றோ பெட்டியோடு ஊருக்கே வந்து, அப்பாவின் ஐஸ் கம்பெனியில் லோடு கணக்குப் பார்க்கிறான் என்று கேள்விப்பட்டபோது எமில்டா மாதா கோயிலுக்குப் போய் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

வருசப் பூசை வந்தது. பூசை முடிந்து கல்லறையில் பூ வைத்து, வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டு அனுப்பினார்கள். டிவியின் போர்வையை எடுத்து மடித்த பேபியம்மா, பெட்டியிலிருந்து ஒரு மயில்பச்சைச் சேலையை எடுத்து உடுத்திக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

“கிளம்புளா. கொட்டாய்க்குப் போவோம்.”

“கொட்டாய்க்கா? நீயா?”

“ஆன்றோ படம் ஓடுதுல்லா. அதப் பாக்கணும்.”

எமில்டாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. “அவன் படத்தையா? ஒனக்கென்ன கிறுக்கா?”

பேபியம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். எப்போதோ சொல்லவேண்டியதை இன்றைக்குச் சொல்லலாம் என்று காத்திருந்தவள் மாதிரி நிதானமாகச் சொன்னாள்.

“கல்லறைத் திருநாளன்னைக்கு நீ பூ வாங்கப் போனேல்லா, அப்ப ஆன்றோ அங்கன நின்னுட்டு இருந்தான். தேம்பித் தேம்பி அழுதான். படத்துல எல்லாப் பாட்டும் ஃபிராங்க்ளின் பாட்டுதானாம். போன்ல ஒந்தம்பி பாடி அனுப்புனத எல்லாம் சேத்து வச்சிருந்தானாம். மொதக் கார்டே நம்ம புள்ள பேருதானாம், போட்டோவோட. புரொடியூசர் போஸ்டர்ல போட விடலையாம். படத்துலயாவது போடாட்டா நான் எடுக்கவே மாட்டேன்னு இவன் ஒத்தக் கால்ல நின்னுருக்கான். நாந்தான் ஒங்கிட்ட சொல்லாண்டாம்னேன். நீ அவன் சொன்னா நம்பமாட்ட. வருசம் கழிஞ்சு கண்ணால பாக்கட்டும்னேன்.”

“படம் வந்து எத்தன நாளாச்சு தெரியுமாம்மா?”

“அதனால என்ன? படம்னா மாசக்கணக்குல ஓடும்லா.”

பேபியம்மா கடைசியாகத் தியேட்டருக்குப் போன காலத்தில் அப்படி ஓடியது. எமில்டா செருப்பை மாட்டினாள். படம் இல்லை, தூக்கிவிட்டார்கள் என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். முடிக்கவில்லை, ஏனென்றால் அவளுக்கே போய்க் கேட்கவேண்டியிருந்தது. ஆட்டோவில் உட்கார்ந்து அவள் வேண்டிக்கொண்டது இதுதான்: மாதாவே, அவன் அம்மாவிடம் பொய் சொல்லியிருக்க வேண்டும், அந்தப் படத்தில் என் தம்பி பேர் இருந்திருக்கக் கூடாது. எந்தப் பேருக்காக ஒரு வருடம் வெந்தாளோ அந்தப் பேர் இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டாள். வெஞ்சினம் ஒருத்தியை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் பாருங்கள்.

தியேட்டர் வாசலில் வேறொரு படத்தின் கட்அவுட் நின்றது. தியேட்டரைக் குத்தகைக்கு நடத்தும் மகாராஜன் டிக்கெட் கவுன்டருக்கு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மளிகைக் கடையும் வைத்திருப்பவர், இரண்டு வீடு தள்ளி ஒரு காலத்தில் குடியிருந்தவர்.

“வாங்க பேபியம்மா. வருசம் கழிஞ்சிட்டா?”

“கழிஞ்சிட்டு அண்ணாச்சி. ஆன்றோ படத்துக்கு ரெண்டு டிக்கெட்டு குடுங்க.”

மகாராஜன் எமில்டாவைப் பார்த்தார். “அத நாலாம் நாளே தூக்கியாச்சேம்மா. ஒங்க மகளே இப்படிச் சொல்லிட்டாளேன்னு ஒரு ஈ காக்கா வரல.”

“எவ மக? என்னத்தச் சொன்னா?”

அம்மாவுக்குத் தெரியாது என்பது அவருக்கு உறைக்கவில்லை. வெகுநாளாக மனசில் கிடந்ததை எமில்டாவைப் பார்த்தே கேட்டார். “ஒங்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன் எமில்டா. டைட்டில் முழுக்கத் தேடிப் பாத்தேன், தம்பி பேரு இல்லன்னு வீடியோவுல சொன்ன. நான் மொத ஷோவே பாத்தேன். ஆரம்பத்துலயே தெரை முழுக்க ஃபிராங்க்ளின் சிரிச்சுட்டு நிக்கான். ‘மெட்டுகள் எல்லாம் இவனுடையவை’ன்னு கொட்ட எழுத்துல போட்டு, கீழ அவன் பேரு. எனக்கே கண்ணு நெறஞ்சிட்டு. நீ ஏன் அப்படிச் சொன்ன? படிச்ச பிள்ள, ஒனக்கு ஏதும் காரணம் இருக்கும்னு விட்டுட்டேன்.”

பேபியம்மா மகள் பக்கம் திரும்பினாள். “ஏளா. நீ படத்தப் பாத்தியா?”

“இல்லம்மா.”

“பாக்காமலா சொன்ன?”

காட்சிக்கு வந்த இரண்டு மூன்று பேர் எமில்டாவை அடையாளம் கண்டு நின்றார்கள். பேபியம்மா மகாராஜனிடம் திரும்பி, “அந்தப் போட்டோவுல என்ன சட்ட போட்டிருந்தான் அண்ணாச்சி?” என்று கேட்டாள்.

“நீலச் சட்டன்னு நெனைக்கேன்மா. கீபோர்டு முன்னால நின்னான்.”

“எழுத்து எம்புட்டுப் பெருசு?”

மகாராஜன் எழுந்து நின்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். பேபியம்மா அந்த இரண்டு கைகளுக்கு நடுவே பார்த்துக்கொண்டே நின்றாள். அவர் சங்கடப்பட்டுக் கையை இறக்கியதும் ஆட்டோவில் ஏறினாள். எமில்டா ஏறப்போனபோது, நீ வேற ஆட்டோ பாத்துக்க என்றாள்.

எமில்டா ஆபீஸுக்குப் போனாள். போனைப் பாட்டிலில் சாய்த்தாள். படத்தை நான் பார்க்கவில்லை, பார்த்ததாகச் சொன்னது பொய், தேடாமலே தேடினேன் என்றேன், அந்தப் படத்தின் முதல் கார்டே என் தம்பியின் பெயர்தான், ஆன்றோ சொன்ன வாக்கைக் காப்பாற்றியிருக்கிறான் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். இத்தனை வருட வாழ்க்கையில் அவள் பேசியதில் அதைவிட உண்மையான பேச்சு கிடையாது. ஒருத்தரும் நம்பவில்லை. ‘டைரக்டர்ட்ட எவ்ளோ வாங்குனீங்கக்கா?’ என்று முதல் ஆள் கேட்டான். அதற்குப் பிறகு வந்தவர்கள் அதையே வேறுவேறு வார்த்தையில் கேட்டார்கள். படம் திரும்பி வரவும் இல்லை. விழுந்த படத்துக்கு யார் மறுபடி திரை கொடுப்பார்கள்? அவள் அடித்த அடி அவ்வளவு கச்சிதம்.

வீட்டுக்குத் திரும்பியபோது வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு கிடந்தது. கூடத்தில் ஆன்றோ மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். தாடி வளர்ந்து, ஆள் பாதியாகியிருந்தான். பேபியம்மா ஐஸ் கம்பெனிக்கே நடந்துபோய்க் கூட்டிவந்திருக்கிறாள்.

“ஆன்றோ, என்ன மன்னிச்சிருல” என்றாள் எமில்டா.

அவன் கோபப்பட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். “ஒரே ஒரு கேள்விதானக்கா கேட்டேன்” என்றான். “படம் பாத்தீங்களான்னு. அதுக்குப் பதில் சொல்லிருக்கலாம்.”

“வால, நேரமாவுது” என்று பேபியம்மா அவன் கையைப் பிடித்து உள்ளறைக்குள் கூட்டிக்கொண்டு போனாள். பின்னாலேயே போன எமில்டாவை நிலைப்படியில் கைநீட்டி மறித்தாள்.

“நீ எங்க வார?”

“நானும் பாக்கேம்மா.”

“ஒனக்கு எதுக்கு? நீதான் பாக்காமலே எல்லாம் சொல்லுவியே.”

கதவைச் சாத்தி உள்ளே தாழ் போட்டாள். எமில்டா கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். ஆன்றோ ஏதோ தட்டும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு வெகுநேரம் ஒன்றும் இல்லை. கொட்டு இல்லை, வயலின் இல்லை, கடல்கூட இல்லை. திடீரென்று அம்மா, “எய்யா, எங்கண்ணு” என்று பெருங்குரலெடுத்து அழுதாள். அந்த அழுகைக்கு அடியிலிருந்து பாட்டு ஆரம்பித்தது. ஏறவேண்டிய இடத்தில் ஏறாமல் ஒரு படி இறங்கியது.

“நிறுத்துல” என்று அம்மா சொல்வது கேட்டது. “மொதல்லருந்து போடு. புள்ள பேரு வார எடத்துலருந்து.”

மறுபடியும் ஆரம்பித்தார்கள். எமில்டா கண்ணை மூடிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, காதைக் கதவில் ஒட்டிக் கேட்டாள். பெயர் வருகிற இடத்தில் ஒரு சத்தமும் இல்லை.